உறையாத் தளமும் கசியாத் தளமும்

தையல்காரருக்கு மாரடைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. ஒரு பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். பத்து ஐம்பதுக்குப் பெரிய மருத்துவமனையின் மேஜைமேல் படுத்திருந்தார். பதினொன்றரைக்குள் மணிக்கட்டு வழியாக வயரை விட்டு, இதயக் குழாயின் அடைப்பை எடுத்து, அந்த இடத்தில் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலையையும் வைத்துவிட்டார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒருவர் வந்து அவருடைய பெயரைக் கேட்டார். அந்தக் கட்டடத்தில் அவருக்கு ஒரு காரியம் சீக்கிரம் நடந்தது அதுதான் முதலும் கடைசியும்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று, கம்பி வைத்த டாக்டரே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். இளவயது. தூங்கி நாளானவர் போலக் கண்கள்.

"ரத்தத்துல தட்டணுன்னு பொடிப்பொடியா இருக்கும். எங்கயாவது கீறல் பட்டா ஓடிப்போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடைச்சிடும். நல்ல வேலைதான். ஆனா உள்ள வச்சிருக்கிற கம்பியையும் அதுங்க கீறல்னு நினைச்சுக்கும். அதனால ரெண்டு மாத்திரை. ஒண்ணு ஆஸ்பிரின், ஆயுசுக்கும். ரெண்டாவது ஒரு வருஷத்துக்கு. ஒரு நாள்கூட விடக்கூடாது. யார் சொன்னாலும் நிறுத்தாதீங்க."

யார் அப்படிச் சொல்லப்போகிறார்கள் என்று தையல்காரரின் மனைவி கேட்டார். டாக்டர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, "இங்கதாம்மா சொல்லுவாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த மருத்துவமனையின் முகப்புக் கூடத்தில் இரண்டு மின்பலகைகள் எதிரெதிராக மாட்டப்பட்டிருந்தன. 'ரத்தம் உறையாத நாட்கள்: 204' என்றது ஒன்று. 'ரத்தம் கசியாத நாட்கள்: 187' என்றது மற்றொன்று. முதலாவது நான்காம் மாடியில் இருந்த உறைதல் தடுப்புப் பிரிவுக்குச் சொந்தம். இரண்டாவது இரண்டாம் மாடியின் கசிவு தடுப்புப் பிரிவுக்கு. மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் உறையாது, ஆனால் கசியலாம். சாப்பிடாவிட்டால் கசியாது, ஆனால் உறையலாம். பழைய நாட்களில் ஒரே டாக்டர் இரண்டையும் மனதில் வைத்துப் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்தார். ஒருவர் தலைக்குள் இரண்டு கவலை இருப்பது நிர்வாகத்துக்கு உகந்ததல்ல என்று கண்டு, கவலைக்கு ஒரு மாடியாகப் பிரித்துவிட்டார்கள். ஊழியர்கள் சுருக்கமாக உறையாத் தளம், கசியாத் தளம் என்றார்கள்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் மாதம் மாத்திரை வாங்கப் போனபோது மருந்தகப் பெண் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். ரத்தக்கசிவு ஏதாவது உண்டா என்பது நான்காவது கேள்வி. தையல்காரர் பொய் சொல்லிப் பழகாதவர். போன வாரம் ஊசி குத்தியதாகவும், விரலில் ரத்தம் நிற்கப் பத்து நிமிடம் ஆனதாகவும் சொன்னார். கேட்டதற்குப் பதில் சொன்னோம் என்ற அளவில்தான் அவருக்கு அது தோன்றியது. பெண்ணின் கணினித் திரை சிவப்பாகிவிட்டது. எடுத்து வைத்திருந்த இரண்டாம் மாத்திரை அட்டைகளை மறுபடி டிராயருக்குள் போட்டுக்கொண்டு, ஆஸ்பிரினை மட்டும் கொடுத்து, இரண்டாம் மாடிக்குப் போகச் சொன்னாள்.

அங்கே கசிவு அலுவலர் ஒன்றரை மணி நேரம் விசாரித்தார். எத்தனை சொட்டு என்று கேட்டார். எண்ணவில்லை என்றார் தையல்காரர். அடுத்த முறை எண்ணச் சொன்னார். ரத்தம் எதன்மேல் விழுந்தது என்றார். ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் என்றதும், சட்டையின் சொந்தக்காரரைச் சாட்சியாகக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அந்தக் காலர் துவைத்தாயிற்று, சட்டையும் போய்விட்டது என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்து, ஆதாரத்தை அழித்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு இரண்டாம் மாத்திரை நிறுத்தப்படுகிறது என்று பதிவு செய்தார்.

யார் சொன்னாலும் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று தையல்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அது உறையறவங்க பேச்சு. நீங்க இப்ப கசியற ஆள்" என்றார் அலுவலர்.

"நெஞ்சு அடைச்சுக்கிட்டா என்னங்க பண்றது?"

"அது நாலாவது மாடி. நம்ம மாடியில இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட நெஞ்சு அடைச்சதில்ல." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான பெருமிதம் இருந்தது.

தையல்காரர் நான்காம் மாடிக்குப் போனார். லிஃப்ட் அலுவலர்களுக்கு மட்டும் என்பதால் படி ஏறித்தான் போகவேண்டியிருந்தது. உறைதல் அலுவலர் விஷயத்தைக் கேட்டுப் பதறிவிட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், இவ்வளவு பெரிய அநியாயமா என்று கேட்டார். உடனே கணினியில் மாத்திரையை எழுதி, தட்டி அனுப்பிவிட்டு, கவலையில்லாமல் வீட்டுக்குப் போகலாம் என்றார். தையல்காரர் கீழே இறங்கி மருந்தகத்தில் கேட்டார். எழுதியது வந்திருக்கிறது, ஆனால் இரண்டாம் மாடி சிவப்பை எடுத்தால்தான் டிராயர் திறக்கும் என்றாள் பெண். மறுபடி நான்காம் மாடி.

"நாங்க கொடுத்துட்டோம்" என்றார் உறைதல் அலுவலர். "எங்க கணக்குல நீங்க இன்னைக்கு மாத்திரை சாப்பிட்டாச்சு."

"நான் சாப்பிடலீங்களே."

"அது உங்களுக்குத் தெரிஞ்ச தகவல். எங்களுக்கு வந்த தகவல் வேற."

அன்று மாலை மனைவி நடந்ததையெல்லாம் கேட்டார். கடையில் பொத்தானுக்குக் காஜா எடுப்பது அவர் வேலை; கணவர் பேசும்போது ஊசியை நிறுத்தமாட்டார். அன்றைக்கு நிறுத்தினார். ஊசி குத்தினதைப் போய் எவனாவது சொல்வானா, அவ்வளவு யோக்கியமாக இருக்கச் சொல்லி யார் கேட்டார்கள் என்று கொஞ்ச நேரம் திட்டினார். திட்டி முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் அந்த மாத்திரை தரமாட்டோம் என்றார்கள். பெரிய மருத்துவமனையோ காகிதமில்லா மருத்துவமனை. யாருக்கும் சீட்டுத் தருவதில்லை. காகிதம் பயன்படுத்தமாட்டோம் என்று நோயாளிகளிடம் மூன்று பிரதிகளில் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு கோப்பில் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்துத் தெரு டாக்டர், பெரிய இடத்தில் நிறுத்தியதை நான் எப்படி ஆரம்பிப்பேன், நாளைக்கு ஏதாவது ஆனால் என் தலைதானே உருளும் என்று கையை விரித்துவிட்டார்.

மறுநாள் மனைவி நேரே மருத்துவமனைக்குப் போய்க் கம்பி வைத்த டாக்டரை நடைவழியில் மடக்கினார். அவர் சுவரோடு சுவராக நின்றுகொண்டு கேட்டார்.

"எழுதற அதிகாரம் எனக்குக் கிடையாதும்மா. நான் குழாய்ப் பிரிவு. அடைச்சுதுன்னா உடனே கூட்டிட்டு வாங்க, இன்னொண்ணு வச்சிடறேன். அதுக்கு நான் யாரையும் கேக்கவேண்டியதில்ல." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் மூன்றாம் மாடியில் ஒருங்கிணைப்புப் பிரிவு இருந்தது. இரண்டு தளங்களுக்கும் கருத்து மாறினால் அங்கே கூட்டம் போட்டுத் தீர்ப்பார்கள் என்று சொன்னார்கள். அன்றே தையல்காரர் போய்ப் பார்த்தார். கதவு பூட்டியிருந்தது. வெளியே ஒரு பெஞ்சு. அதில் ஒரு பஸ் டிரைவர் எட்டு நாளாக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே நோய், அதே கம்பி, அதே மாத்திரை. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று சொன்னது அவர் செய்த குற்றம். தையல்காரரைப் பார்த்ததும், "உள்ள தள்ளி உக்காருங்க, பின்னாடி ஏறுறவங்களுக்கு எடம் வேணும்" என்றார். பின்னால் யாரும் இல்லை. முப்பது வருடப் பழக்கம்.

இருவரும் தினமும் காலை ஒன்பது மணிக்கு அங்கே வந்தார்கள். முதல் நாள் நோயைப் பற்றிப் பேசினார்கள். அதற்குப் பிறகு பேசவில்லை. டிரைவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை வீட்டில் ஒரு அறையில் இருந்தார். எந்தத் திருப்பத்தில் வண்டி எப்படி முனகும் என்பதை வாயாலேயே செய்து காட்டுவார். அவருடைய காக்கிச் சட்டையில் தோள்பட்டைத் தையல் விட்டிருந்ததைத் தையல்காரர் கவனித்து, பையிலிருந்த ஊசி நூலை எடுத்து, சட்டையைக் கழற்றாமலேயே தைத்துக் கொடுத்தார். பார்த்துங்க, குத்திக்கிட்டீங்கன்னா நான்தான் சாட்சிக்கு வரணும் என்றார் டிரைவர். தன் நெஞ்சுக்குள் ஒன்று இருப்பதைத் தையல்காரர் மறந்திருந்தது அந்த நேரம் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் படி ஏறும்போதும், குனிந்து துணி வெட்டும்போதும், உள்ளே அந்தக் கம்பியைச் சுற்றி யாரோ கூட்டம் கூடுவது போலவே இருந்தது.

ஏழாம் நாள் கதவு திறந்தது. நீள மேஜை. ஒரு பக்கம் உறையாதவர்கள், மறு பக்கம் கசியாதவர்கள், தலைப்பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர். தையல்காரரையும் டிரைவரையும் ஓரமாக நிற்க வைத்தார்கள். இரு தரப்பும் இரண்டு மணி நேரம் பேசின. ஒரு தரப்பு பேசும்போது மறு தரப்பு ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. அவ்வளவு நாகரிகமான கூட்டத்தைத் தையல்காரர் பார்த்ததில்லை. கடைசியில் ஒருங்கிணைப்பாளர் எழுந்து, இந்த நிறுவனத்தில் எந்தக் கருத்தும் தோற்பதில்லை என்று ஆரம்பித்துத் தீர்மானத்தை வாசித்தார். இவ்விரு நோயாளிகளுக்கும் இரண்டாம் மாத்திரை தொடர்ந்து எழுதப்படும், ஆனால் வழங்கப்படாது. எழுதப்படுவதால் நான்காம் மாடியின் கணக்கு நேராகிறது. வழங்கப்படாததால் இரண்டாம் மாடியின் கணக்கும் நேராகிறது. எல்லோரும் கைதட்டினார்கள். உறைதல் அலுவலரும் கசிவு அலுவலரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

டிரைவர் கையைத் தூக்கினார். "அப்ப நாங்க சாப்பிடணுமா, வேண்டாமா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அது நோயாளியோட தனிப்பட்ட சுதந்திரம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். "நிறுவனம் அதுல தலையிடறதில்ல."

இனிப் பெஞ்சுக்கு வரவேண்டிய காரணம் இல்லை. ஆனாலும் தையல்காரர் மறுநாளும் போனார். டிரைவரும் வந்திருந்தார். வேறெங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பெஞ்சில் டிரைவருக்குப் பதில் ஒரு பெண் மருத்துவமனைக் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரைவரின் தங்கை. அண்ணன் நேற்று மாலை வீடு திரும்பி ஷூ லேஸை அவிழ்க்கக் குனிந்தவர் நிமிரவில்லை என்று சொன்னார். ஆம்புலன்ஸ் வந்து பார்த்துவிட்டு வெறுமனே திரும்பிப் போயிருக்கிறது. கோப்பைத் திருப்பித் தரவேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்ததால் கொண்டுவந்திருக்கிறார். எந்த மாடியில் வாங்குவார்கள் என்று தெரியவில்லை.

தையல்காரர் அவரோடு இரண்டு மாடிக்கும் போனார். ரத்தம் சிந்தாததால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது கசியாத் தளம். மாத்திரை எழுதப்பட்டிருக்கும்போது உறைய வாய்ப்பில்லை, மேலும் சம்பவம் நடந்தது கட்டடத்துக்கு வெளியே என்றது உறையாத் தளம். கோப்பை யாரும் வாங்கவில்லை. தங்கை அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். முகப்புக் கூடத்தில் பலகைகள் 276 என்றும் 259 என்றும் காட்டின. நேற்று இருந்ததைவிட இரண்டிலும் ஒன்று கூடியிருந்தது.

தையல்காரர் பலகைகளுக்கு நடுவில் நின்றார். அவருக்குக் கோபம் வந்து வெகு காலமாகியிருந்ததால் இப்போது வந்திருப்பது கோபம்தான் என்று தெரியக் கொஞ்சம் நேரமாயிற்று. இயக்குநரைப் பார்க்கப்போகிறேன் என்று வரவேற்பு மேஜையில் சொன்னார். இன்று விருது விழா, இயக்குநர் யாரையும் பார்க்கமாட்டார் என்றார்கள். அந்த நேரத்தில்தான் இயக்குநரின் செயலாளர் படிகளில் ஓடிவந்து, இங்கே யாராவது தையல்காரர் உண்டா என்று கேட்டார். மூன்றாம் மாடிப் பெஞ்சில் ஊசி நூலோடு ஒருவர் தினமும் உட்கார்ந்திருப்பார், அதோ அவர்தான் என்று காவலாளி கையைக் காட்டினார்.

இப்படியாகத் தையல்காரர் முதன்முறையாக லிஃப்டில் ஏறினார்.

இயக்குநர் சட்டையோடு நின்றிருந்தார். கோட்டின் முதுகுத் தையல் மேலிருந்து கீழே வரை விட்டிருந்தது. விழாவுக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. தையல்காரர் கோட்டை மேஜையில் விரித்தார். தைக்கும் முன் பைகளைக் காலி செய்வது தொழில் வழக்கம். உள்பையிலிருந்து ஒரு பேனா, ஒரு சீப்பு, ஒரு மாத்திரை அட்டை வந்தன. அட்டையில் நான்கு மாத்திரைகள் மீதமிருந்தன. அவருடைய அதே இரண்டாம் மாத்திரை. அந்தப் பெயரை அவர் தூக்கத்தில்கூட எழுத்துக்கூட்டிச் சொல்வார்.

சும்மா நிற்கத் தெரியாத இயக்குநர் பேசத் தொடங்கினார். இன்றைக்கு இரண்டு விருதுகள் என்றார். உறையாமைக்கு ஒன்று, கசியாமைக்கு ஒன்று. ஒரே மருத்துவமனை இரண்டையும் வாங்குவது இதுவே முதல்முறை.

"முன்னாடியெல்லாம் ஒரு டாக்டரே முடிவெடுப்பார். ரொம்ப ஆபத்தான முறை. ஏதாவது தப்பு நடந்தா யாரோட தப்புன்னு உடனே தெரிஞ்சுபோயிடும். இப்ப அந்த ஆபத்தையே எடுத்துட்டோம்."

தையல்காரர் தையலை விட்டுக் கண்ணை எடுக்காமல், இந்த மாத்திரையை ஐயா எந்த மாடியில் வாங்குகிறீர்கள் என்று கேட்டார்.

"அதுவா? எனக்கும் ஸ்டென்ட் இருக்கு. இங்கெல்லாம் வாங்க எனக்கு நேரம் ஏது? சந்தைக்குப் பின்னால சைக்கிள் கடை மாடியில ஒரு அம்மா இருக்காங்க. வயசான டாக்டர். கமிட்டி, ஒருங்கிணைப்பு ஒண்ணும் கிடையாது. பார்ப்பாங்க, கேப்பாங்க, எழுதிடுவாங்க. அமைப்புன்னே ஒண்ணு இல்ல, பாவம்."

ஒரு டிரைவர் நேற்று இறந்துபோனார் என்று தையல்காரர் சொன்னார். எந்தப் பிரிவு என்று கேட்டார் இயக்குநர். தையல்காரர் கடைசி முடிச்சைப் போட்டு நூலை அறுத்தார். இயக்குநர் அனுதாபத்தோடு தலையை ஆட்டிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார். தையல் வெளியே தெரியவில்லை. நல்ல கைவேலை என்று பாராட்டிவிட்டு மேடைக்குப் போனார்.

தையல்காரரும் மனைவியும் ஒரு மணி நேரத்தில் சைக்கிள் கடை மாடியில் இருந்தார்கள். டாக்டர் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார். பத்து நாள் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தார்கள், திட்டவில்லை. வயிற்றில் புண் உண்டா, மலம் கறுப்பாகப் போனதா, முன்பு எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு வந்ததா, வேறு வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். நாடியைப் பார்த்தார். ஈசிஜி எடுத்துப் பார்த்தார். கடைசியில் விரலைக் காட்டச் சொன்னார். ஊசி குத்திய இடம் எதுவென்று தையல்காரருக்கே தெரியவில்லை.

"விரல்ல ரத்தம் வந்தா அழுத்திப் பிடிச்சிக்கோங்க, தானா நின்னுடும். நெஞ்சு நின்னுடக்கூடாது இல்லையா?" என்றார். இன்றைக்கு நான்கு மாத்திரை சேர்த்து, நாளையிலிருந்து தினம் ஒன்று என்று எழுதினார். வயிற்றுக்கு ஒன்று எழுதினார். கறுப்பாகப் போனாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ தன்னிடம் வரவேண்டும், தானாக நிறுத்தக்கூடாது என்றார். ஈசிஜியோடு சேர்த்தே கால் மணி நேரம்தான் ஆனது. அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். தையல்காரரின் மனைவி அந்தக் காகிதத்தை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மருந்துக்கடை வாசலிலேயே மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து, நான்கையும் தன் கண்முன்னால் விழுங்க வைத்தார். விழுங்கிய பிறகும் வாயைத் திறந்து காட்டச் சொன்னார். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் அவர் கடைப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மிச்ச மாதங்கள் ஒருவிதமாகக் கழிந்தன. தையல்காரருக்குப் பல முறை ஊசி குத்தியது. ஒவ்வொரு முறையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார், யாரிடமும் சொல்லவில்லை. வருடம் முடிந்த வாரம் பெரிய மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, ஆண்டுச் சரிபார்ப்பு, இரண்டாம் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

"எந்த மாடியிலிருந்து பேசறீங்கம்மா?"

நான்காம் மாடி என்றாள். சாப்பிட்டேன் என்றார். அரை மணி கழித்து இன்னொரு பெண் இரண்டாம் மாடியிலிருந்து கேட்டாள். சாப்பிடவில்லை என்றார். இருவரும் நன்றி சொன்னார்கள். மாலையில் மூன்றாம் மாடியிலிருந்து ஒருத்தி அழைத்து, இரண்டு பதிலும் ஒத்துப்போவதாகவும் அவருடைய கோப்பு முழுமை பெற்றுவிட்டதாகவும் தெரிவித்தாள். அவள் வைப்பதற்குள் தையல்காரர், தன்னோடு பெஞ்சில் இருந்த டிரைவர் எந்தக் கணக்கில் இருக்கிறார் என்று கேட்டார். அவள் தேடினாள். விசைகளின் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"ரெண்டு கணக்குலயும் இல்லீங்க."

"எங்கயாவது எழுதிக்கோங்கம்மா."

"அவர் கோப்பே இங்க இல்லீங்களே. அவங்க வீட்டுலயே இருக்குன்னு காட்டுது. கோப்பு இல்லாம எதுவும் எழுத முடியாது."

தையல்காரர் தொலைபேசியை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவளும் வைக்கவில்லை. குரலை இறக்கிக்கொண்டு பேசினாள்.

"உங்க கோப்புல கடைசியில 'பிற குறிப்புகள்'னு ஒரு கட்டம் இருக்குங்க. யாரும் அதை நிரப்பறதில்ல, யாரும் படிக்கறதும் இல்ல. ஒரு வரி போகும். என்ன எழுதட்டும்?"

தையல்காரர் யோசித்தார். பிறகு நிறுத்தி நிறுத்தி, அவள் தட்டுவதற்கு நேரம் கொடுத்துச் சொன்னார்.

"இந்த நோயாளிக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். அவருக்கும் இதே மாத்திரைதான் எழுதியிருந்தது."